டீச்சர் சந்தூக்கு

எங்கள் வீட்டில் ஆணி, திருகாணி, வாஷர், ஃபியூஸ் கம்பி எல்லாம் அல்வா டப்பாக்களில்தான் குடியிருந்தன. திருநெல்வேலிக்காரர்கள் வீட்டில் காலி அல்வா டப்பாவுக்கு என்றுமே பஞ்சம் வராது. வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கென்று வாங்கி, பயணம் நின்றுபோய், நாமே தின்று தீர்த்த டப்பாக்கள். மூடி இறுக்கமாக இருக்கும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். நான் ஃபிரிட்ஜுக்கு மேல் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். அவருடைய பிரின்சிபால் ஒருநாள் வீட்டுக்கு வந்தார், காபி குடித்தார், நாட்டு நடப்பு பேசினார். வாசல்வரை வழியனுப்பப் போன இவர் என்ன நினைத்தாரோ, உள்ளே ஓடி வந்து ஃபிரிட்ஜ் மேலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்துவிட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். அன்று சாயங்காலமே போன் வந்தது.

"சார், டப்பாவத் திறந்து பாத்தோம். மேல ‘அரை’ன்னு போட்டிருக்கு. அரை இஞ்சுதானே? எங்க வீட்டுக் குழாய்க்கு முக்கா இஞ்சு வேணும்."

உள்ளே இருந்தது குழாய் வாஷர். ஏமாற்றுகிறவனை ‘அல்வா கொடுத்துட்டான்’ என்பார்கள். சொந்த பிரின்சிபாலுக்கே அல்வா கொடுத்த ஆள் என்று இவர் பெயர் கல்லூரி முழுக்கப் பரவிவிட்டது. இவருக்கு என்மேல் கோபம். டப்பாவின் மேல் எழுதி ஒட்டியிருக்க வேண்டாமா என்று குதித்தார். எழுதித்தானே ஒட்டியிருந்தேன்? ‘அரை’ என்பதை அரைக் கிலோ என்று நினைத்துக்கொண்டாராம்.

எங்கள் வீட்டில் குழாய் மாற்றுவது, மிக்ஸி பிரிப்பது, ஃபேன் ரெகுலேட்டர் மாட்டுவது, ஸ்கூட்டர் பிளக்கைச் சுத்தம் செய்வது எல்லாம் நான். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சராக இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு எதையும் பிரித்துப் பார்க்கிற கை. இலக்கணத்தில்கூட சொல்லைப் பிரித்துப் புணர்ப்பதுதான் எனக்குப் பிடித்த பாடம். இவர் நெம்புகோல் தத்துவத்தை ஒரு வகுப்பு முழுக்க நடத்துவார். ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க என்னைக் கூப்பிடுவார். இதில் எனக்குத் துளி வருத்தமும் கிடையாது.

வருத்தம் வேறு இடத்தில். பெருமாள்புரத்தில் எங்கள் தெருவுக்கு ரிப்பேர் என்றாலே ‘சார்’தான். எதிர்வீட்டு மதினியின் மிக்ஸி ஒருமுறை கருகி நின்றுபோனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து சரி செய்தேன். அதைத் தெருவைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தது மட்டும்தான் இவர். "சார் கை பட்டா பட்டதுதான். இப்பல்லாம் தேங்கா வெண்ணெயா அரையுது" என்றாள் மதினி. இல்லை, என் மனைவிதான் செய்தாள் என்று இவர் சொல்வார் என வாசலில் நின்று காத்திருந்தேன். சிரித்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு உச்சந்தலையில் ஏறும். கேட்டால், "நான் ஒண்ணும் பொய் சொல்லலியே" என்பார்.

ஆகவே எனக்கு ஒரு பெட்டி வேண்டும் என்று முடிவு செய்தேன். அல்வா டப்பா இல்லை. கார் ஷெட்டில் கம்பீரமாக நிற்கிற பெட்டி. தெருவில் போகிறவர்கள் பார்த்து, "அது டீச்சரோடது" என்று சொல்ல வேண்டும். வேலைக்குக்கூட அல்ல, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பெட்டி.

டவுணில் பார்த்ததெல்லாம் பிளாஸ்டிக். தூக்கினால் கைப்பிடி நம்மோடு வரும், பெட்டி கடையிலேயே இருக்கும். அப்போதுதான் எங்கள் பள்ளியின் கணக்கு டீச்சர் சொன்னாள். அவளுக்கு மேலப்பாளையம்.

"எங்க அண்ணன் சவுதியிலருந்து ஒண்ணு கொண்டாந்திருக்கான். சக்கரம் வச்சது. இரும்பு. வராந்தாவுல பாதிய அதுதான் அடைச்சிக்கிட்டு நிக்கி. மதினி நெதமும் சத்தம் போடுதா."

அவள் அண்ணன் அங்கே கார் ஒர்க் ஷாப்பில் பல வருஷம் மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பியவர். போனில் கூப்பிட்டேன்.

"சந்தூக்குதானே டீச்சர்? இருக்கு. கெட்டியான சந்தூக்கு. வந்து பாத்துட்டு எடுத்துக்கிடுங்க" என்றார்.

எனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போயிற்று. டூல் பாக்ஸ் என்றால் என் வாய் கூசும். கருவிப் பேழை என்றால் பிள்ளைகள் சிரிக்கும். டிராயர் வைத்த பெட்டி என்றால் அரைக்கால் சட்டை ஞாபகம் வரும். சந்தூக்கு! சந்தூக்கை, சந்தூக்கால், சந்தூக்கின் என்று வேற்றுமை உருபுகளை ஏற்றிப் பார்த்தேன். எல்லாம் அழகாக ஏறியது. அரபுச் சொல்லாக இருக்கும் என்று தெரிந்தது, பெட்டி என்பதுதான் பொருள் என்றும் தெரிந்தது. அதற்குமேல் விசாரிக்கத் தோன்றவில்லை. புதுச் சொல் கிடைத்தால் உடனே நாலு பேரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும் எனக்கு.

மறு ஞாயிற்றுக்கிழமை இவரையும் அழைத்துக்கொண்டு மேலப்பாளையம் போனேன். இவர் ஸ்கூட்டருக்கு நிழல் தேடிக்கொண்டிருந்தார். நான் நேராக லோடு ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். டீக்கடை முன்னால் மூன்று டிரைவர்கள் நின்றிருந்தார்கள்.

"ஒரு சந்தூக்கு ஏத்தணும். இங்கனருந்து பெருமாள்புரத்துக்கு" என்றேன்.

மூன்று பேரும் டீ கிளாஸைக் கீழே வைத்தார்கள். ஒருவர் போனில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். மூத்தவர் சட்டைப்பையிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். சந்தூக்கு என்ற சொல்லுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது.

"எந்த வீடும்மா?" என்றார் மூத்தவர், மெதுவாக.

"எங்ககூட வேலை பாக்குற டீச்சரோட அண்ணன் வீடு. அடுத்த தெருதான். சவுதியிலருந்து வந்தது."

"எப்ப வந்துச்சு?"

"வந்து ரொம்ப மாசம் ஆச்சாம். கப்பல்ல."

"கப்பல்லயா?"

"கனம்ல? பிளேன்ல ஏத்தச் செலவு ஆகும்னு விட்டுட்டாங்க."

இளையவர் வாயில் கையை வைத்துக்கொண்டார். மூத்தவர்தான் தொடர்ந்தார். "இத்தன மாசமும் எங்கன வச்சிருந்தாக?"

"வீட்டுலதான். வராந்தாவுல. அவரு வீட்டுக்காரிக்கு அது சுத்தமா பிடிக்கல. எடத்த அடைக்குது, சீக்கிரம் வெளிய தள்ளுங்கன்னு நெதமும் சண்டையாம்."

"அல்லாவே" என்றார் மூன்றாமவர்.

அவர்கள் முகம் வாடுவதைப் பார்த்து, பழைய சாமான் வாங்கி ஏமாறப்போகிறேன் என்று எனக்காகத்தான் கவலைப்படுகிறார்கள் என நினைத்து ஆறுதல் சொன்னேன். "கொஞ்சம் துரு பிடிச்சிருக்காம். பரவால்ல. நான் நல்லாத் தேச்சு, பச்சை பெயிண்ட் அடிச்சுக்கிடுவேன்."

"அப்ப அடக்கம் எங்க?" என்றார் மூத்தவர். குரலே வரவில்லை அவருக்கு.

எனக்குக் காதில் விழுந்தது ‘எங்க அடங்கும்’ என்று. "எங்க வீட்டு கார் ஷெட்டுலதான். போன வாரமே அளந்து பாத்துட்டேன். சரியா அடங்கும்."

தமிழ் டீச்சர்! அடக்கம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவள்!

நல்ல வேளை, கணக்கு டீச்சரின் அண்ணன் எங்களைத் தேடிக்கொண்டு தெருமுனைக்கு வந்துவிட்டார். "டீச்சர், சந்தூக்க எடுக்க வண்டி கெடச்சிட்டா?" என்று அவர் சிரித்த முகமாகக் கேட்க, டிரைவர்கள் அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

"ஓய், யாருவே அது? உம்ம வீட்டுல யாரு?" என்றார் மூத்தவர்.

"யாரு இருக்கா? என் ஸ்பேனர் பெட்டிவே அது!"

பிறகு அவர் எனக்கு விளக்கினார். சவுதியில் எந்தப் பெட்டியும் சந்தூக்குதான். பணப்பெட்டியும் சந்தூக்கு, ஸ்பேனர் பெட்டியும் சந்தூக்கு. ஆனால் மேலப்பாளையத்தில் சந்தூக்கு என்றால் ஒன்றே ஒன்றுதான். மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலை, வைத்துப் பள்ளிவாசலுக்குத் தூக்கிப்போகிற பெட்டி. அவருக்கு அங்கேயே பேசிப் பழகிவிட்டதால் வாயில் வந்துவிடுகிறது. வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்தில் இந்தச் சொல்லைச் சொன்னால் மனைவியிடம் வாங்கிக்கட்டிக்கொள்வாராம்.

இளையவர் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மூத்தவர் தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

"அதனால என்ன டீச்சர்" என்றார் கணக்கு டீச்சரின் அண்ணன். "அங்கனருந்து ரெண்டு விதமாத்தான் பெட்டி வரும். என்கூட ரூம்ல இருந்தவன் ஒருத்தன் இன்னொரு விதமா வந்தான். நான் என் பெட்டிய நானே தள்ளிக்கிட்டு வந்தேன். அல்ஹம்துலில்லாஹ்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். டிரைவர்கள் சிரிக்கவில்லை. அதற்காகவாவது இந்தப் பெட்டியை நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

பெட்டி என் இடுப்பு உயரம் இருந்தது. ஒரு காலத்தில் சிவப்பு. ஏழு இழுப்பறை, நாலு சக்கரம், பக்கவாட்டில் தள்ளுவதற்கு ஒரு கைப்பிடி. கடல் காற்று அதை அங்கங்கே தின்றிருந்தது. அவர் மனைவி இழுப்பறைகளிலிருந்து வெங்காயம், பிள்ளைகளின் சாக்ஸ், ஊதுபத்திக்கட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தாள். இத்தனை மாதம் அதை வெளியே தள்ளச் சொன்னவள், தள்ளுகிற நேரத்தில், "வெங்காயம் வைக்க நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

ஒரே சாவி. ஒரு சின்னக் குழாய் போல உருண்டையாக இருந்தது. மேலே உள்ள பூட்டில் அதைத் திருகினால் ஏழு இழுப்பறையும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். மாற்றுச் சாவி இந்த ஊரில் யாரும் போட மாட்டார்கள் என்று எச்சரித்தார் அவர். சொல்லிவிட்டு, கை நீட்டி நின்ற என்னைத் தாண்டி, அப்போதுதான் ஹெல்மெட்டோடு உள்ளே வந்த என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார்.

"பத்திரமாப் பாத்துக்கிடுங்க சார். என் கைக்கு ஒரு தடவகூடத் துரோகம் பண்ணாத பெட்டி."

இவர் சிரித்தார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பேரம் பேசியது நான், சக்கரத்தைக் குனிந்து பார்த்தது நான், அடக்கம் வரைக்கும் போய் அவமானப்பட்டதும் நான். வண்டியில் ஏற்றும்போது மூத்த டிரைவர் மட்டும்தான் மற்றவர்களிடம், "பைய, பைய! டீச்சர் சந்தூக்கு, கீறல் விழாமப் பிடிங்கவே" என்றார். அவருக்கு நான் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அடுத்த சில வாரங்கள் எங்கள் கார் தெருவில் வேப்பமரத்தடியில் நின்றது. மரத்துக் காக்கைகள் அதற்குத் தங்களால் ஆன பெயிண்ட் வேலையைச் செய்தன. கார் ஷெட்டில் நான் பெட்டியைக் கட்டிப்பிடித்துக் கிடந்தேன். இழுப்பறைகளைக் கழற்றி, தண்டவாளம் போன்ற அதன் பட்டைகளில் இருந்த பழைய கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். துருவுக்கு முதலில் கடைக்காரர் கொடுத்த திரவத்தைப் போட்டேன். கை எரிந்ததே தவிர துரு அசையவில்லை. பிறகு பித்தளைக் குத்துவிளக்குக்குப் போடுகிற புளியையே குழைத்துப் பூசி ஒரு ராத்திரி விட்டேன். காலையில் உப்புத்தாளால் தேய்க்க, துரு பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்த வாரம் ரசத்துக்குப் புளி இல்லை. இவர் தக்காளி ரசம் குடித்தார், வாய் திறக்கவில்லை.

ஒரு இழுப்பறையின் அடியில் ஒரு வெங்காயம் முளைத்துக் காய்ந்து ஒட்டியிருந்தது. இன்னொன்றில் அரபியில் ஏதோ எழுதிய ஸ்டிக்கர். அதைச் சுரண்ட மனம் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். சக்கரங்களில் ஒன்று சுற்றாமல் அடம் பிடித்தது. உள்ளே சிக்கியிருந்த நூலை ஊக்கால் இழுத்தால் வந்துகொண்டே இருந்தது. ஒரு பிள்ளைக்குக் கால்சட்டை தைக்கலாம். அப்புறம் ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு, அதன்மேல் கரும்பச்சை எனாமல் இரண்டு பூச்சு.

நான் பெயிண்ட் அடித்தால் ஒரு சொட்டு என் புடவையில் படாது. அது எனக்குப் பெருமை. அந்தப் பெருமைதான் வினையாகப் போயிற்று. இவர் பேப்பரும் கையுமாக ஷெட்டுக்கு வந்து, வேலை எப்படிப் போகிறது என்று கேட்டுக்கொண்டே ஈரப் பெட்டியில் சாய்ந்துவிட்டார். முதுகு முழுக்கப் பச்சைப் பட்டை. அதே சட்டையோடு பால் வாங்கத் தெருவில் போனார். திரும்பி வருவதற்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

"பெட்டி பிரமாதம் சார்! உடம்ப வருத்திச் செஞ்சிருக்கீய, சட்டையப் பாத்தாலே தெரியுது" என்றார் எதிர்வீட்டு அண்ணாச்சி.

இவர் சிரித்தார்.

நான் பிரஷ்ஷைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு உள்ளே நின்றிருந்தேன். அண்ணாச்சி என்னைப் பார்த்து, "டீச்சரும் கூடமாட ஒத்தாசை பண்ணுதாக போல" என்றார். அன்றைக்கு இவருக்குச் சோறு போட்டேனே, அதுவே பெரிய விஷயம்.

பெட்டி காய்ந்ததும் அல்வா டப்பாக்களைக் காலி செய்து எல்லாவற்றையும் அடுக்கினேன். அடிக்கடி வேண்டிய சுத்தியல், பைப் ரிஞ்சு, பெரிய ஸ்பேனர்கள் எல்லாம் மேலே, குனிய வேண்டாமே என்று. எங்கள் ஷெட்டின் தரை கார் கழுவிய தண்ணீர் ஓடுவதற்காக வாசல் பக்கம் சரிவாக இருக்கும். பூட்டைத் திறந்தேனோ இல்லையோ, ஏழு இழுப்பறையும் தானாக வெளியே வர, பெட்டி என்மேல் குனிந்தது. இவர்தான் ஓடி வந்து தாங்கிப் பிடித்தார். அப்படியே பிடித்துக்கொண்டு, புவியீர்ப்பு மையம் பற்றிப் பாடம் எடுத்தார். கேட்டுத்தான் ஆக வேண்டும், விட்டால் விழுந்துவிடும். கனமானதெல்லாம் அடித்தட்டில், லேசானதெல்லாம் மேலே என்று அவரே உட்கார்ந்து மாற்றி அடுக்கினார். அதற்குப் பிறகு பெட்டி குனியவே இல்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்தப் பெட்டியில் அவர் செய்த ஒரே வேலை அதுதான், அது உருப்படியான வேலை.

சரிவுத் தரையில் பூட்டாமல் வைத்தால் இழுப்பறைகள் வெளியே வந்துவிடும். ஆகவே எப்போதும் பூட்டித்தான் வைக்க வேண்டும். சாவியோ இவருடைய ஸ்கூட்டர் சாவிக் கொத்தில். தொலைந்துவிடக் கூடாதாம். தினமும் காலையில் என் பெட்டியின் சாவி கல்லூரிக்குப் போகும், வகுப்பில் உட்காரும், சாயங்காலம் வீடு வரும். குக்கர் கைப்பிடி ஆடினால் நான் கத்தி முனையால் திருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கேட்டு வாங்கி வைத்தாலும் மறுநாள் பழக்கத்தில் கொத்தோடு போய்விடும். "சாவிதானே, சாயங்காலம் வந்துருதுல்ல?" என்பார். பெட்டி வாங்கியும் சாவிக்குக் காத்திருக்கிற நிலைமை எனக்கு. உள்ளபடியே அழுகை வந்த நாளும் உண்டு.

ஆயுத பூஜை வந்தது. பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். காருக்கு எலுமிச்சம்பழம். என் பாடப் புத்தகங்களும் பூஜையில். மறுநாள் மறுபூஜை முடிகிறவரை புத்தகத்தைத் தொடக் கூடாது, ஸ்பேனரையும் தொடக் கூடாது. எனக்குத் தெரிந்த இரண்டு வேலையும் ஒரே நாளில் போய்விட்டன. சுண்டல் தின்றுகொண்டு சும்மா இருந்தேன். இவர் சாவிக் கொத்தைத் தட்டில் வைத்துக் கற்பூரம் காட்டினார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் எதிர்வீட்டிலிருந்து சத்தம். அண்ணாச்சி பூஜைக்கு வாங்கிய வாழை மரத்தை வாசல் குழாயில் இறுக்கிக் கட்டியிருக்கிறார். குலையோடு வாங்கியது. பாரம் தாங்காமல் வாழை சாய, பிளாஸ்டிக் பைப் முறிந்து, ஆற்றுத் தண்ணீர் வீட்டுக் கூரை உயரத்துக்குப் பீச்சி அடித்தது. தெருவுக்குத் தண்ணீர் விடுகிற நேரம் வேறு. உள்ளே ஹாலில் பொரி, கடலை, கணக்குப் புத்தகம், சாமி படம் எல்லாம் மிதக்கத் தயாராகிக்கொண்டிருந்தன. பிளம்பரைப் போனில் கூப்பிட்டால், "ஆயுதமெல்லாம் சாமிக்கிட்ட இருக்கு அண்ணாச்சி, நாளைக்குக் காலையில வாரேன்" என்று வைத்துவிட்டார்.

அண்ணாச்சி நனைந்த வேட்டியோடு தெருவைத் தாண்டி ஓடி வந்தார். நான் வாசலில்தான் நின்றேன். என்னைக் கடந்துபோய் இவர் கையைப் பிடித்தார்.

"சார், ஓடி வாங்க! உங்களால மட்டுந்தான் முடியும்!"

போகட்டும், போய்ச் சிரிக்கட்டும் என்று இருந்துவிட்டேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம். இவர் பட்டு வேட்டியோடு இழுத்துச் செல்லப்பட்டார். தெருவே அங்கே கூடியிருந்தது. தண்ணீர் முகத்தில் அடிக்க, முறிந்த பைப்பை உள்ளங்கையால் பொத்தினார். தண்ணீர் பக்கவாட்டில் பீச்சி மதினியை நனைத்தது. வால்வு எங்கே என்று யாரோ காட்டினார்கள். அதன் தலையில் பிடி இல்லை, வெறும் தண்டுதான். அதை விரலால் திருகிப் பார்த்தார்.

"என்ன சார் வேணும்? சொல்லுங்க, எடுத்தாரேன்" என்றார் அண்ணாச்சி.

இவர் நிமிர்ந்து, தெருவைத் தாண்டி என்னைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. எல்லாரும் கேட்கும்படி கத்தினார்.

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி! அவளைக் கேளுங்க! பெட்டி அவ பெட்டி. நான் சாவியத்தான் வச்சிருந்தேன்!"

நான் உள்ளே போனேன். தட்டிலிருந்து சாவியை எடுத்தேன். சரஸ்வதி படத்தைப் பார்த்து, "தாயே, தண்ணி போகுது. மறுபூஜைய நாளைக்கு ரெண்டு தடவையாப் போட்டிருதேன்" என்றேன். அடித்தட்டிலிருந்து சந்தன குங்குமப் பொட்டோடு பைப் ரிஞ்சை எடுத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனேன். வால்வுத் தண்டைக் கவ்வி, மூச்சைப் பிடித்து ஒரு திருகு. அசையவில்லை. இன்னொன்று. கிறீச்சென்றது. மூன்றாவதில் பீச்சல் படுத்துவிட்டது. அண்ணாச்சி வீட்டு வால்வில் குங்குமம் ஒட்டிக்கொண்டது. அதற்கும் ஆயுத பூஜை ஆகிவிட்டது.

ஈரம் சொட்டச் சொட்ட நின்ற மதினி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு இவரிடம் திரும்பிச் சொன்னாள்:

"சார் எவ்வளவு நல்லாப் பழக்கி விட்டிருக்கீய டீச்சர!"

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இந்த முறை இவர் சிரிக்கவில்லை.

"நான் பழக்கல. எனக்கு பல்பு மாட்டக்கூடத் தெரியாது. உங்க மிக்ஸியையும் அவதான் சரி பண்ணினா. நான் தூக்கிட்டு மட்டும் வந்தேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றார்.

மதினி, "அப்படியா!" என்றாள். உடனே, "டீச்சர், எங்க கிரைண்டர்லயும் ஒரு சத்தம் வருது" என்றாள். வீட்டுக்கு வந்து, நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே கொஞ்சம் அழுதேன். சந்தோஷத்தில்தான். இவர் கொத்திலிருந்து அந்தச் சாவியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். ஊக்குகளோடு ஊக்காக அதைத் தாலிச் செயினில் மாட்டிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் தெருவில் எல்லாரும் டீச்சர் சந்தூக்கு என்கிறார்கள். நான்தான் அந்தக் கதையை எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். மேலப்பாளையம் லோடு ஆட்டோ எங்கள் பக்கம் வந்தால் மூத்தவர் வேகத்தைக் குறைத்து, "டீச்சர், சந்தூக்கு சொகமா இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவார். புதிதாகக் குடிவந்தவர்கள் யாராவது அதைக் கேட்டுவிட்டால் எங்கள் வீட்டைத் தாண்டும்போது வேகமாக நடக்கிறார்கள்.

போன மாதம் அந்த பிரின்சிபால் மறுபடி வந்தார். இந்தத் தடவை நேராக ஷெட்டுக்கே போனார். திறந்து காட்டினேன். ஒவ்வொரு இழுப்பறையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் அடித்தட்டில் நின்றார்.

"கனமானதெல்லாம் கீழ, லேசானதெல்லாம் மேல. சரிவான தரைக்கு இதுதான் சரி. ரொம்ப அருமையான யோசனை டீச்சர். தமிழ் படிச்சவங்களுக்கு இது தோணுதே!"

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். ஆவலோடு பார்த்தார். நான் பிரின்சிபாலைப் பார்த்துச் சிரித்தேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்படிச் சிரிப்பது எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கிளம்பும்போது அவருக்கு அரைக் கிலோ டப்பா ஒன்று கொடுத்தேன். திறந்து காட்டித்தான் கொடுத்தேன். கார் தெருமுனை திரும்பியதும் இவர் சொன்னார்:

"அவருக்குக் கொடுத்தது வெறும் நெய் அல்வா. எனக்குக் கொடுத்தே பாரு, அதுதான் அசல் திருநெல்வேலி அல்வா."